மயிலாப்பூருக்கு மேலே பனி கொட்டுகிறது, தெரியுமா?

பாஸ்டனில் இருக்கும் மருமகள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறாள். வாசல் முழுக்க முழங்கால் உயரப் பனி, கார் கண்ணாடியில் ஐஸ் பாளம், கடலோரத்துக்குச் சூறைக்காற்று எச்சரிக்கை. மயிலாப்பூர் மாட வீதியில் மாமியார் காபியை ஆற்றிக்கொண்டே, "நல்லவேளை, நமக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை" என்கிறார். இல்லையா? மாமி, கார்த்திகைப் புயல் வரும்போது உங்கள் மொட்டைமாடிக்கு நேர் மேலேயும் பனிதான் கொட்டுகிறது!

கதை விடவில்லை. வங்கக் கடலில் புயல் கிளம்பிச் சென்னையை நெருங்கும்போது நம் கண்ணுக்குத் தெரிவது மேகத்தின் அடிவயிறு மட்டும்தான். அதன் தலை பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எவரெஸ்ட் சிகரமே 8.8 கிலோமீட்டர்தான்! அந்த உச்சியில் வெப்பநிலை மைனஸ் 70 டிகிரி செல்சியஸுக்குக்கூட இறங்கும். அவ்வளவு மேலே போகவே வேண்டாம். சென்னை வானத்தில் சுமார் 5 கிலோமீட்டர் ஏறினாலே 0 டிகிரி வந்துவிடுகிறது. கபாலீசுவரர் கோயிலிலிருந்து திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில் நேர்கோட்டில் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிப் போகிற அந்தத் தூரத்தைச் செங்குத்தாகப் போனால் ஐஸ் துகளும் பனிச்செதிலும் சுழன்றடிக்கிற வேறொரு உலகம்! அங்கிருந்து விழுகிற பனி 0 டிகிரிக் கோட்டைத் தாண்டியதும் உருகுகிறது. லஸ் கார்னரில் உங்கள் குடையில் பட்டுத் தெறிக்கும் பெருந்துளிகளில் பல, சில நிமிடங்களுக்கு முன்புவரை அசல் பனி.

இன்னும் கேளுங்கள். பெரிய மழைத்துளி விநாடிக்கு ஏழெட்டு மீட்டர் வேகத்தில் விழும். 5 கிலோமீட்டர் இறங்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் வடக்கிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளினால் துளி பதினாறு, பதினேழு கிலோமீட்டர் நகர்ந்துவிடுமே! செங்குன்றத்து வானத்தில் பனியாக இருந்தது மயிலாப்பூரில் மழையாக விழுகிறது.

இதையெல்லாம் யார் ஏறிப் போய்ப் பார்த்தார்கள் என்றால், ரேடார் பார்த்தது. சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட உச்சியில் 2002-இல் டாப்ளர் ரேடார் ஒன்றை நிறுவினார்கள். உருகத் தொடங்கிய பனிச்செதிலின்மேல் தண்ணீர்ப் படலம் படிந்ததும், ரேடாரின் கண்ணுக்கு அது ராட்சத மழைத்துளி போலப் பளிச்சென்று தெரியும். மேகத்துக்கு நடுவே அப்படி மின்னும் பட்டையைப் பார்த்தே, பனி எந்த உயரத்தில் மழையாகிறது என்று வானிலைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

அப்படியானால் கனடாவின் ஸ்கார்பரோவில் நடந்தது என்ன?

2013 டிசம்பர் 21, 22. டொரன்டோ நகரில் மழைதான் பெய்தது, பனி அல்ல. விடிந்து பார்த்தால் மரக்கிளை, மின்கம்பி, கார் கதவு, தபால் பெட்டி எல்லாவற்றுக்கும் கண்ணாடிக் கவசம்! மூன்று லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவில் கிறிஸ்துமஸை இருட்டிலும் குளிரிலும் கழித்த வீடுகள் ஏராளம்.

மேலே பனியாகப் பிறந்து, நடுவில் இருந்த வெதுவெதுப்பான காற்றில் உருகி மழையானது வரைக்கும் அந்தத் துளியின் கதையும் மயிலாப்பூர்த் துளியின் கதையும் ஒன்றே. கடைசிச் சில நூறு மீட்டரில்தான் வித்தியாசம். அங்கே தரையை ஒட்டிய காற்று 0 டிகிரிக்குக் கீழே. அதற்குள் நுழைந்த துளி உறைய நேரமில்லாமல் தண்ணீராகவே இறங்கி, எதைத் தொட்டதோ அதன்மேல் அப்படியே ஐஸாக ஒட்டிக்கொண்டது. சென்னையில் அந்தக் கடைசிச் சில நூறு மீட்டர் 24, 25 டிகிரி. அதனால்தான் நமக்குக் குடை, அவர்களுக்குக் கோடரி!

சென்னையில் எப்போதாவது அந்தக் கீழ்க்காற்று ஜில்லிட்டதுண்டா? நுங்கம்பாக்கம் பதிவேட்டில் ஆகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. 1895 டிசம்பரில் ஒரு நாள், 1905 ஜனவரியில் ஒரு நாள். அவ்வளவுதான் நம் பெருங்குளிர். அதற்கே ஊர் முழுக்க மங்கி குல்லா மாட்டியிருக்கும்!

தமிழ்நாட்டுக்குள்ளேயே உறைபனி பார்க்க ஆசையென்றால் ஊட்டிக்குப் போகலாம். ஆனால் புயல் அடிக்கும்போது போனால் ஏமாந்துவிடுவீர்கள். உறைபனி விழ வானம் துடைத்துவிட்டது போலத் தெளிவாக இருக்க வேண்டும், காற்று அசையக் கூடாது. மேகம் மூடினால் தரையின் சூடு வெளியேறாது. புயல் கடந்து வானம் வெளுத்த பிறகு, டிசம்பர், ஜனவரி விடியலில், தலைக்குந்தாப் புல்வெளி உப்புக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்து ஒரே இரவில் கருகும். அரசு தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளுக்குக் கோத்தகிரி மிலாறு என்னும் செடியைக் கொண்டுவந்து போர்வையாக மூடி வைப்பார்கள். அத்தனை பெரிய பூங்காவின் மலர்களைக் காப்பது ஒரு காட்டுச் செடி!

பாஸ்டன் ஏரியை மெரினாவில் இறக்கியவர் யார் தெரியுமா?

மருமகளின் பாஸ்டனுக்கே திரும்பலாம். அங்கே காரை மூடிய அந்த ஐஸ், ஒரு காலத்தில் கப்பலேறி மெட்ராஸுக்கு வந்தது! ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரிக்கு விசித்திரமான யோசனை. குளிர்காலத்தில் ஏரி உறைந்து சும்மா கிடக்கிறதே, அதை வெட்டி வெயில் நாடுகளில் விற்றால் என்ன? 1806-இல் கரீபியக் கடலின் மார்டினிக் தீவுக்கு முதல் சரக்கை அனுப்பினார். ஊரே சிரித்தது. கடனாளியாகி ஜெயிலுக்கும் போய்வந்தார். மனிதர் விடவில்லை. 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பலில் சுமார் 180 டன் ஐஸை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நான்கு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்க வேண்டும்! செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் ஐஸ் ஐஸாகவே இருந்தது.

ஃபிரிட்ஜ் இல்லை, கரன்ட் இல்லை. பிறகு எப்படி? மரத்தூள். மர அறுவை மில்களில் குப்பையாகக் குவிந்துகிடந்த தூள். பாளங்களை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, சுற்றிலும் மரத்தூளைத் திணித்துவிட்டால் வெப்பம் உள்ளே நுழைய வழி தேடித் தவிக்கும். ஐஸை ஒரு கூர்ப்பல் கலப்பையால், குதிரை பூட்டி உழுது, ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டிக் கொடுத்தவர் நத்தேனியல் வயத். அளவு ஒன்றாக இருந்ததால்தான் அடுக்கு நெருங்கியது, நெருங்கியதால்தான் உருகவில்லை.

மெட்ராஸில் 1842-இல் டியூடர் கட்டிய கிடங்குதான், இன்று கடற்கரைச் சாலையில் கிரீடம் வைத்த வட்டக் கட்டடமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ். இப்போது தெரியும் ஜன்னல்களும் தாழ்வாரங்களும் பின்னால் வந்தவை. ஐஸ் இருந்த காலத்தில் அது வெளிச்சம் புகாத வட்டக் கோட்டை. அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கை மசூலாப் படகில் இறக்க வேண்டும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை அறைந்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும். பாஸ்டன் ஏரியின் ஒரு துண்டு, கயிற்றால் தைத்த படகில், வங்கக் கடல் அலைமேல் தாவிக் குதித்துத் திருவல்லிக்கேணிக் கரைக்கு வருகிறது. நினைத்தாலே சிலிர்க்கிறது, ஐஸ் தேவையில்லை!

இதைவிட ஒரு வியப்பு உண்டு. டியூடரின் ஆட்கள் 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்திலும் ஐஸ் வெட்டினார்கள். கரையில் குடிசை போட்டுத் தனியாக வாழ்ந்த ஒருவர் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ஹென்றி டேவிட் தோரோ. 1854-இல் வெளியான 'வால்டன்' நூலில், என் குளத்துத் தண்ணீரைக் கல்கத்தாக்காரர்களும் பம்பாய்க்காரர்களும் மெட்ராஸ்காரர்களும் குடிக்கிறார்கள் என்ற பொருளில் எழுதிவைத்தார். பெயரோடு மெட்ராஸ்! சட்டமறுப்பு பற்றி அதே தோரோ எழுதிய கட்டுரையைத்தான் காந்தி பின்னாளில் படித்துப் போற்றினார்.

1870-களில் மெட்ராஸிலேயே நீராவி இயந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் டியூடர் கம்பெனியின் வியாபாரம் உருகிவிட்டது. கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமி அதை இளம் விதவைகளுக்கான விடுதியாக்கினார். இன்று விவேகானந்தர் இல்லம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் டியூடரின் கிடங்குகள் இடிந்துபோய்விட்டன. மிஞ்சியது நம்முடையது மட்டும். பஸ்ஸில் ஏறி "ஐஸ் ஹவுஸ் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்கிறோமே, அது அமெரிக்கப் பனிக்காலத்தின் விலாசம்!

மெரினா மணல் எங்கிருந்து வந்தது?

ஐஸ் ஹவுஸ் கட்டியபோது கடல் இவ்வளவு தள்ளி இல்லை. ஐஸை இறக்கிக் கிடங்குக்குள் சேர்க்கத் தோதாகத்தானே அங்கே கட்டினார்கள்! நடுவில் இத்தனை மணல் வந்ததற்குப் புயல்தான் காரணம் என்றால் நம்புவீர்களா? நேரடியாக இல்லை, சுற்றி வளைத்து.

புயலிலிருந்து கப்பலைக் காப்பாற்றத் துறைமுகம் வேண்டும் என்று 1876-இல் கடலுக்குள் கல்சுவர் கட்டத் தொடங்கினார்கள். ஏறக்குறைய முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து சுவரைப் பெயர்த்துப் போட்டுவிட்டது. புயலுக்கு எதிராகக் கட்டியதைப் புயலே வந்து சோதித்தது! மறுபடி கட்டினார்கள். நம் கரையோரம் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திக்கொண்டே இருப்பவை. துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்குப் பக்கம் தேங்கிக் குவிந்தது. அதுதான் மெரினா. வடக்கே ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போக வேண்டிய மணல் போகவில்லை. அங்கே கடல் கரையைத் தின்றது. நாம் சுண்டல் சாப்பிடுகிற மணல் அவர்களுடையது என்று வடசென்னைக்காரர் யாராவது உரிமை கோரினால் பதில் சொல்வது கஷ்டம்.

ஒரே ராத்திரியில் சரித்திரத்தைத் திருப்பிய புயல்

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். தளபதி லா போர்தொனே, பணம் வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவதாக ஒப்பந்தம் பேசினார். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே கூடவே கூடாது என்றார். இருவரும் கடிதத்தில் முட்டிக்கொண்டிருக்க, அக்டோபர் நடுவில் ஒரு ராத்திரி புயல் புகுந்தது. ஒதுங்கத் துறைமுகம் இல்லாத திறந்த கடல். பிரெஞ்சுக் கப்பல்கள் பல மூழ்கின, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரு பீரங்கிகூட வெடிக்கவில்லை, கப்பற்படை காலி!

மிச்சத்தைத் திரட்டிக்கொண்டு லா போர்தொனே கிளம்பிவிட்டார். பிரான்சுக்குப் போனவரைப் பிடித்து பாஸ்டீல் சிறையில் போட்டார்கள். மெட்ராஸ் டூப்ளே கைக்கு வந்தது. தனக்குத் தருவதாகச் சொன்ன ஊர் வராத கோபத்தில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் தன் மகன் மாஃபூஸ் கானைப் பெரும்படையோடு அனுப்பினார். படைகள் மோதிய இடம் எது தெரியுமா? அடையாறு முகத்துவாரம்! குயிபிள் தீவுக்கும் சாந்தோமுக்கும் பக்கம். சில நூறு பிரெஞ்சு வீரர்களும் அவர்களிடம் பயிற்சி பெற்ற நம் சிப்பாய்களும் பாரடி என்ற பொறியாளர்த் தளபதியின் கீழ் ஆற்றைக் கடந்து, தங்களைவிடப் பல மடங்கு பெரிய படையை ஓட ஓட விரட்டினார்கள். ஐரோப்பியப் பயிற்சி பெற்ற சிறுபடை இந்தியப் பெரும்படையை வெல்ல முடியும் என்று கிழக்கிந்தியக் கம்பெனியும் அங்கேதான் பாடம் படித்தது. அதற்கடுத்த இருநூறு ஆண்டுகள் என்ன ஆனது என்பது நமக்குத் தெரியும். பட்டினப்பாக்கத்தில் இன்று ஆற்றுவாயைப் பார்த்தபடி மீன் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பக்கத்திலேயே லஸ் சர்ச். கடலில் திசை தெரியாமல் தத்தளித்த போர்ச்சுகீசிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி தெரிந்ததாம். அதைப் பின்தொடர்ந்து கரையேறி, ஒளி மறைந்த காட்டில் மாதாவுக்குக் கோயில் எழுப்பினார்களாம். கல்வெட்டில் உள்ள ஆண்டு 1516. காட்டுக்கோயில் என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணிக்கும் புயல் உறவு உண்டு. மூலத்தலமான நாகப்பட்டினம் வேளாங்கண்ணியில் கோயில் கட்டியவர்கள் புயலில் பிழைத்த போர்ச்சுகீசிய மாலுமிகள் என்பது மரபு.

பதினொன்றாம் எண் கூண்டு ஏற்றினால் என்ன அர்த்தம்?

"துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது." செய்தியில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். எண் பெரிதானால் ஆபத்து பெரிது என்று பொதுவாகச் சொல்வோம். பாதிதான் சரி! ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே அளவு ஆபத்து. புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் ஐந்து, வலப்பக்கம் இருந்தால் ஆறு, தலைக்கு மேலேயே வந்தால் ஏழு. இன்னும் கடும்புயலானால் அதே கணக்கில் எட்டு, ஒன்பது, பத்து. பகலில் கூம்பும் உருளையும் தொங்கும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

இடம், வலம் என்ன பெரிய விஷயம்? அங்கேதான் சூட்சுமம். நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். புதுச்சேரி அருகே கரையேறும் புயலுக்குச் சென்னை வலப்பக்கம். கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று, அலை, மேகம் மொத்தமும் நமக்கு வரும். புயல் புதுச்சேரியில், வெள்ளம் வேளச்சேரியில்! அதே புயல் நெல்லூரில் ஏறினால் சென்னைக்கு நிலத்திலிருந்து வீசும் காற்றுதான். ஆனால் புயலுக்கு விதி எழுதி மாளாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை இடப்பக்கமாகவே ஒதுக்கிவிட்டுப் போனது, பாபட்லா அருகேதான் கரையேறியது. ஆனாலும் மெதுவாகக் கடலிலேயே ஊர்ந்ததால் நகரை மூழ்கடித்துவிட்டது.

அந்தப் பதினொன்று? காற்றைப் பற்றியதே அல்ல. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி உங்கள் பாடு என்று கப்பல்களுக்குச் சொல்வது. எனக்கு அதுதான் பத்தாம் எண்ணைவிடப் பயங்கரமாகப் படுகிறது.

கரையேறிய கப்பல்கள்

1966 நவம்பர் புயலில் மரி ஹோரா, புரோக்ரஸ், ஸ்டமாட்டிஸ் என்று மூன்று கப்பல்கள் சென்னைக் கரையில் தரைதட்டின. 2012 அக்டோபர் 31-இல் நீலம் புயல் பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பலைப் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கே இழுத்துவந்தது. உயிர்ப்படகு கவிழ்ந்து, அதில் இறங்கியவர்களில் சிலர் இறந்தார்கள். மீனவர்கள் பாய்ந்து பலரைக் கரைசேர்த்தார்கள். மறுநாளிலிருந்து சென்னையே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. பஜ்ஜிக் கடை, பலூன் கடை, குழந்தையைத் தோளில் ஏற்றிய அப்பா! இறந்தவர்களை நினைத்தால் அந்தத் திருவிழா கூசுகிறது. அதே மணலில் நிற்கும் வெள்ளை வளைவு கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930 டிசம்பர் 30-இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி அவர்.

நடுவில் ஒரு மணி நேரம் சிரித்த வானம்

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. முதல்வர் ஜெயலலிதா காலமாகி ஒரு வாரம். ஏ.டி.எம். வாசலில் பணமதிப்பிழப்பு வரிசை. அதற்கு நடுவே வர்தா! தொலைக்காட்சியில் மாணவர்களின் செல்லமாக இருந்த வானிலை அதிகாரி எஸ்.ஆர். ரமணன் அதே ஆண்டு மார்ச்சில்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவர் ஓய்வு பெறட்டும் என்று காத்திருந்து வந்தது போல மணிக்கு 110, 120 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது.

காலையிலிருந்து வடக்கிலிருந்து அடித்த காற்று, பிற்பகலில் சட்டென்று நின்றது. ஜனங்கள் கதவைத் திறந்து தெருவுக்கு வந்தார்கள். விழுந்த மரத்தோடு செல்ஃபி, முறிந்த கிளைக்கடியில் ஸ்கூட்டரைத் தேடும் ஆசாமி, பால் கிடைக்குமா என்று பையோடு ஒரு பாட்டி. முடிந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். நகரம் அப்போது புயலின் கண்ணுக்குள் இருந்தது! கண் நகர்ந்ததும் தெற்கிலிருந்து எதிர்க்காற்று. காலையில் தெற்கே சாய்ந்து, வேர் தளர்ந்து நின்ற மரங்களை மாலையில் எதிர்ப்பக்கம் பிடித்து முறித்தது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. அதன் செய்முறை விளக்கத்தை அன்று அடையாறில் பார்த்தோம்.

விழுந்தவை பல்லாயிரம். நிழலுக்காக நட்ட குல்மோகர், தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை போன்றவை அதிகம் சாய்ந்தன. பனை அசையவில்லை. வேம்பும் புங்கமும் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் ஆலமரத்துக்கு இது புதிதில்லை. அதன் தாய்மரம் 1989-லேயே காற்றில் சாய்ந்துவிட்டது. தாய் போயும் மரம் சாகவில்லை! விழுதுகள் தாங்கி நிற்கின்றன.

தி.நகருக்கு ஏன் மழையென்றாலே நடுக்கம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பாண்டி பஜாரும் உஸ்மான் சாலையும் இருப்பது ஏரிக்குள்! நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டுகிடந்த நெடிய ஏரி அது. ஒரு காலத்தில் படகுப் போட்டிகூட நடந்தது. 1920-களில் ஏரியை வடித்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். தண்ணீருக்கு மறதி கிடையாது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல் மறுநாள் 'தி இந்து' சென்னைப் பதிப்பு அச்சாகவே இல்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படியொரு நாள் வந்தது அதுவே முதல்முறை!

பெயர் வைப்பது யார்?

காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயலுக்குப் பெயர். ஓமன், ஈரான், ஏமன் உள்பட 13 நாடுகள் முன்கூட்டியே கொடுத்துவைத்த பட்டியல் இருக்கிறது. வர்தா பாகிஸ்தான் வைத்தது, ரோஜா என்று பொருள். மிக்ஜாம் மியான்மர், மாண்டஸ் ஐக்கிய அரபு அமீரகம், நிவர் ஈரான், கஜா இலங்கை. 2020-இல் வெளியான பட்டியலில் இந்தியா கொடுத்தவற்றில் முரசு, நீர் என இரண்டு நமக்குப் பழக்கமானவை. முரசு கொட்டிக்கொண்டு வரும் என்று தலைப்பு எழுத எங்கள் பத்திரிகைக்காரர்கள் இப்போதே தயார்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலுக்குப் பெயரே கிடையாது. எழும்பூரிலிருந்து கிளம்பி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி இலங்கை போன போட் மெயில் பாதை அதோடு முடிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை அலை அப்படியே விழுங்கியது. ராமேஸ்வரம் போயிருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தப்பிவந்தார்கள். சேதமான பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்த இளம் பொறியாளரைப் பின்னாளில் டெல்லி மெட்ரோவால் உலகம் அறிந்தது. ஈ. ஸ்ரீதரன்!

கடைசியாக ஒன்று, கிரிக்கெட் பைத்தியங்களுக்கு. வர்தா அடித்த நான்காம் நாள், டிசம்பர் 16, சேப்பாக்கத்தில் இந்தியா, இங்கிலாந்து டெஸ்ட் தொடங்க வேண்டும். மைதானத்தில் மரங்கள் கிடக்கின்றன, பந்து தெரிவதற்கான வெள்ளைத் திரை கிழிந்துவிட்டது, ஆடுகளம் ஈரம். மைதானப் பணியாளர்கள் என்ன செய்தார்கள்? தட்டுத் தட்டாகக் கரியை மூட்டி, கனல் பறக்க, ஆடுகளத்துக்கு மேலே காட்டி உலர்த்தினார்கள்! குறித்த நாளில் ஆட்டம் தொடங்கியது. அந்த ஆடுகளத்தில் இந்தியா குவித்தது 7 விக்கெட்டுக்கு 759. மூன்றாவது டெஸ்ட் மட்டுமே ஆடிய கருண் நாயர், ஆட்டமிழக்காமல் 303!